தலையங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம்: ஹெர்ப்ளாக் முதல் ஆன் டெல்னேஸ் வரை

வாசகர் கேள்வி, 5 ஜனவரி 2025

வாஷிங்டன் போஸ்ட் கார்ட்டூனிஸ்ட் ஆன் டெல்னேஸ் வேலையை விட்டதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறார்கள்? பத்திரிகை முதலாளியின் சொத்து. முதலாளியையே மண்டியிட வைத்து வரைந்தால் எந்த முதலாளி பொறுத்துக்கொள்வார்? அதே பத்திரிகையின் பழைய கார்ட்டூனிஸ்ட் ஹெர்ப்ளாக் காலத்தில் இந்தச் சிக்கல் வரவில்லை என்றால், அவரும் முதலாளியும் ஒரே பக்கம் நின்றார்கள் என்பதுதான் காரணம்.

5 ஜனவரி, இரவு

முதலில் படத்தைப் பாருங்கள். அது முடிந்த படம்கூட இல்லை, ஆசிரியரின் ஒப்புதலுக்கு அனுப்பி, மறுக்கப்பட்ட வரைவு. பீடத்தின் மேல் டிரம்பின் பெரிய உருவம். கீழே அமேசானை நிறுவியவரும் போஸ்டின் உரிமையாளருமான ஜெஃப் பெசோஸ், மெட்டாவின் மார்க் ஸக்கர்பர்க், ஓபன்ஏஐயின் சாம் ஆல்ட்மன், லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் உரிமையாளர் பேட்ரிக் சூன்-ஷியாங். பணமூட்டைகள் மேலே நீளுகின்றன. மிக்கி மவுஸ் தரையோடு தரையாகக் கிடக்கிறது. இதில் கற்பனை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். அமேசானும் மெட்டாவும் ஆல்ட்மனும் பதவியேற்பு நிதிக்குத் தலா 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்துவிட்டார்கள். டிஸ்னியின் ஏபிசி தொலைக்காட்சி, டிரம்ப் தொடுத்த அவதூறு வழக்கை முடித்துக்கொள்ள டிசம்பரில் 1.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. டெல்னேஸ் செய்தித்தாளில் வந்ததைத்தான் வரைந்திருக்கிறார்.

ஹெர்ப்ளாக் விஷயத்தில் நீங்கள் சொல்வது தவறு. 1994 முதல் 2003 வரை மேரிலாந்தில் இருந்தேன். போஸ்ட் எங்கள் வாசலில் விழுந்த பத்திரிகை. ஹெர்ப்ளாக்கின் படத்தை அந்தப் பத்திரிகை ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

6 ஜனவரி

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். இரவு முழுவதும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். நிறுத்தியிருக்கிறார்கள்.

1952 அதிபர் தேர்தல். போஸ்ட் பத்திரிகை குடியரசுக் கட்சியின் ஐசனோவரை ஆதரித்தது. ஹெர்ப்ளாக் ஜனநாயகக் கட்சியின் ஸ்டீவன்சன் பக்கம். தலையங்கம் ஒரு திசை, அதே பக்கத்துப் படம் எதிர்த்திசை. தேர்தலுக்கு முந்தைய கடைசி நாட்களில் பதிப்பாளர் ஃபிலிப் கிரஹாம் படங்களை எடுத்துவிட்டார். ஆனால் ஹெர்ப்ளாக்கின் படங்கள் மற்ற ஊர்ப் பத்திரிகைகளுக்கும் போய்க்கொண்டிருந்தன. அங்கே வந்த படம் வாஷிங்டனில் வரவில்லை என்பது ஊருக்கே தெரிந்துபோனது. படங்கள் திரும்பி வந்தன. அதன்பின் அவர் 2001 வரை அங்கேயே வரைந்தார். முதலாளிக்கு உடன்பாடில்லாத படங்களும் வெளிவந்தன.

ஆக, உங்கள் கேள்விக்கான விடை நான் நினைத்ததைவிட நல்ல விடை. இருவரும் ஒரே பக்கம் நின்றதால் அவர் பிழைக்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்று, நிறுத்தப்பட்டு, திரும்பக் கட்டத்தைப் பெற்றதால் பிழைத்தார். அந்தக் கட்டம் பத்திரிகையின் கருத்தைத் திருப்பிச் சொல்வதற்காக இல்லை. தலையங்கத்தோடு சண்டை போட முடிகிற ஒரு சதுரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தால்தான் மற்ற பத்திகளையும் வாசகன் நம்புவான்.

6 ஜனவரி, மாலை

ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேரிலாந்தில் இருந்த தமிழருக்கு ஹெர்ப்ளாக் என்ன புரிந்திருக்கும்?"

எல்லாம் அவரிடம்தான் கற்றேன் ஐயா. நான் போனபோது அவருக்கு 85 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆங்கிலம் வரும், அமெரிக்க அரசியல் வராது. யார் எந்த மாநில செனட்டர், எந்தக் குழு எந்த மசோதாவைக் கிடப்பில் போட்டது, எதுவும் தெரியாது. முகங்களும் பிடிபடாது. ஹெர்ப்ளாக் எல்லாவற்றிலும் பெயர் எழுதுவார். பணமூட்டையில் பெயர், கோட்டின் முதுகில் பெயர், மேசைமேல் கிடக்கும் காகிதத்தில் மசோதாவின் பெயர். இளைய கார்ட்டூனிஸ்டுகள் அதைப் பழைய பாணி என்றார்கள். எனக்கு அது அரிச்சுவடி. காலையில் காபியோடு அந்தப் படத்தில் எழுதியிருப்பதைப் படிப்பேன். பிறகு அந்தப் பெயரை உள்பக்கச் செய்தியில் தேடுவேன். தேர்தல் நிதி, துப்பாக்கி விற்பவர்களின் செல்வாக்கு இரண்டையும் அவர் விடவே மாட்டார். அலுத்துப்போகும் அளவுக்கு வரைந்தார். அலுத்துப்போனாலும் மறக்கவில்லை.

8 ஜனவரி

ஆசிரியர் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் அதுதான். கருத்துப் பக்கங்களின் ஆசிரியர் டேவிட் ஷிப்லி, அதே பொருளில் ஒரு பத்தி அப்போதுதான் வந்தது, இன்னொன்றும் வர இருந்தது, அதனால்தான் வேண்டாம் என்றேன் என்கிறார்.

நானும் அச்சில் வேலை செய்தவன். ஒரே பொருளில் இரண்டு வரக்கூடாது என்பது உண்மையான அளவுகோல்தான். ஆனால் அது படத்துக்கு மட்டும் ஏன் வருகிறது? தேர்தல் காலத்தில் ஒரே பொருளில் பத்துப் பத்திகள் வந்த பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆயிரம் சொல்லில் "தொழிலதிபர்களின் அணுகுமுறை மாறிவருகிறது" என்று எழுதலாம். யாருக்கும் வலிக்காது. பெசோஸ் முழங்காலில் நிற்கும் கோடு வலிக்கும். ஒரே பொருள் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல.

9 ஜனவரி

அச்சு வேலை பற்றிக் கேட்டவருக்கு.

மேரிலாந்து போவதற்கு முன் தமிழ்நாட்டில் ஒரு நாளிதழின் பக்க அமைப்புப் பிரிவில் இருந்தேன். பெயர் வேண்டாம். புரோமைடு தாளை வெட்டி ஒட்டிப் பக்கம் கட்டும் காலம். ஒரு வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு, பதினோரு மணி இருக்கும், மேலே இருந்து ஆள் வந்து "அந்தப் படத்தை எடுத்துவிடு" என்றார். காரணம் சொல்லவில்லை. பசை காயாததால் படம் சுருங்காமல் உரிந்து வந்தது. மூன்று பத்தி அகலத்துக்கு வெள்ளை. அந்த இடத்துக்கு அளவாக ஓர் ஊறுகாய் விளம்பரம் கிடைத்தது. நான்தான் ஒட்டினேன்.

மறுநாள் வரைந்தவர் வந்தார். நின்றபடியே பத்திரிகையைப் பிரித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார், மடித்து வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேனா முள்ளைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்த படத்துக்கு உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருடம் நினைவிருக்காது.

டெல்னேஸ் எழுந்து போனார் என்று படித்தபோது அவர்தான் நினைவுக்கு வந்தார். அவருக்கு எழுந்து போக இடம் இல்லை.

12 ஜனவரி

நிக்சன் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இது நீளும்.

1954. நிக்சன் துணை அதிபர். நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தல் சமயத்தில் மாநிலம் மாநிலமாகப் போய், எதிர்க்கட்சிக்காரர்கள் கம்யூனிஸ்டுகளிடம் மென்மையாக நடந்துகொள்பவர்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். அக்டோபர் 29 அன்று ஹெர்ப்ளாக்கின் படம்: வரவேற்புக்குக் கூட்டம் காத்திருக்கிறது, தெருவில் சாக்கடை மூடி திறந்திருக்கிறது, அதிலிருந்து நிக்சன் ஏறி வருகிறார். "இதோ வந்துவிட்டார்" என்பது கீழ்வரி. நிக்சனின் தாடையில் எப்போதும் மழிக்காத கருமை.

1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் கென்னடியோடு முதல் தொலைக்காட்சி விவாதம். சுமார் 7 கோடி பேர் பார்த்தார்கள். முழங்காலில் தொற்று வந்து மருத்துவமனையிலிருந்து அண்மையில் மீண்டிருந்தார் நிக்சன். தாடையின் கருமையை மறைக்க மாவு பூசியும் மறையவில்லை. பார்த்தவர்களில் பலர் ஆறேழு வருடமாக அந்தக் கருமையைப் படத்தில் பார்த்தவர்கள். தொலைக்காட்சி அதை உண்மை என்று காட்டியது.

இந்த இடத்தில்தான் எனக்கு இரண்டாவது எண்ணம் வருகிறது. ஒரு மனிதனுக்குத் தாடி சீக்கிரம் வளர்வது குற்றமா? அதிபர் ஃபோர்டு ஒருமுறை படியில் தடுமாறினார், அதோடு அவர் தடுமாறுபவர் ஆனார். கார்ட்டருக்குப் பல். ஒரு சமயத்தில் எல்லாருமே பல்லைத்தான் வரைந்தார்கள். முகத்தைப் பிடித்தால் வாசகன் உடனே சிரிப்பான், அடுத்த நாளும் அதையே வரையலாம். கொள்கையைப் படிக்க வேண்டியதில்லை. தேர்தல் செய்தியில் யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று குதிரைப் பந்தயம் போல எழுதுவதைக் குறை சொல்கிறோம். பல்லை மட்டும் வரைகிற கார்ட்டூனும் அதே சோம்பல்தான்.

ஹெர்ப்ளாக்கின் தாடி அந்தச் சோம்பல் இல்லை என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் சாக்கடைதான். தாடையை அழித்துவிட்டுப் பாருங்கள், அந்தப் படம் அப்படியே நிற்கும். அந்த மாதம் நிக்சன் பேசிய பேச்சு அதில் இருக்கிறது.

12 ஜனவரி, பின்குறிப்பு

சொல்ல மறந்தது. 1968இல் நிக்சன் வென்றபோது ஹெர்ப்ளாக் தன் அறையை முடிதிருத்தும் கடையாக வரைந்தார். சுவரில் அறிவிப்பு: புதிய அதிபர் ஒவ்வொருவருக்கும் இந்தக் கடையில் ஒருமுறை இலவச முகமழிப்பு. பதினான்கு வருடம் சண்டையிட்ட மனிதனுக்கு, மக்கள் வாக்களித்துவிட்டார்கள் என்பதற்காக, முகத்தைத் துடைத்துக் கொடுத்தார்.

1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஆட்கள் பிடிபட்டார்கள். ஆறே நாளில், ஜூன் 23 அன்று, வெள்ளை மாளிகையை நோக்கிப் போகும் காலடித் தடங்களை வரைந்தவரும் அவரே. மற்றவர்கள் இதைச் சில்லறைத் திருட்டு என்று ஒதுக்கிக்கொண்டிருந்த வாரம் அது.

14 ஜனவரி

பொங்கல் வேலைக்கு நடுவே ஒன்று மட்டும். 2013இல் மகனைப் பார்க்கப் போனபோது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹெர்ப்ளாக்கின் மூலப் படங்களைப் பார்த்தேன். அவருடைய 14,000க்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. சிலவற்றை அப்போது முறை மாற்றிக் காட்சிக்கு வைத்தார்கள். அச்சில் ஒரே வீச்சில் வரைந்தது போலத் தெரியும். அருகில் போனால் கதையே வேறு. அடியில் பென்சில் கோடுகள், மேலே தூரிகை மை, பிடிக்காத இடத்தில் வெள்ளைப் பூச்சு. ஒருவர் தலை இருந்த இடத்தில் வேறு காகிதம் வெட்டி ஒட்டி, அதன்மேல் மறுபடி வரைந்திருக்கிறார். ஒட்டின ஓரம் விளக்கொளியில் மெல்லிய நிழலாகத் தெரிந்தது. வெட்டி ஒட்டிப் பிழைத்தவன் நான். கண்ணாடிக்கு மூக்கு படும் தூரத்தில் நின்றிருந்தேன், காவலர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார்.

19 ஜனவரி

"யானையும் கழுதையும் எங்கிருந்து வந்தன?" என்ற கேள்விக்கு.

குடியரசுக் கட்சியின் யானை, தாமஸ் நாஸ்ட் 1874 நவம்பர் 7 தேதியிட்ட ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் வரைந்தது. அந்தப் படம் ஒரு கட்சியைப் பற்றியது மட்டும் இல்லை, பத்திரிகைகள் தேர்தலை எழுதிய விதத்தைப் பற்றியது. அதிபர் கிராண்ட் மூன்றாம் முறை நிற்கப்போகிறார், சீசர் போலச் சர்வாதிகாரி ஆகப்போகிறார் என்று நியூயார்க் ஹெரால்டு பயமுறுத்திக்கொண்டிருந்தது. நாஸ்ட் ஹெரால்டைச் சிங்கத்தோல் போர்த்திய கழுதையாக வரைந்தார். தோலின்மேல் "சீசரியம்" என்று எழுதியிருக்கும். மற்ற விலங்குகள் அலறி ஓடுகின்றன. அவற்றில் சில மற்ற நியூயார்க் பத்திரிகைகள். குடியரசுக் கட்சி வாக்கு என்ற பெயரோடு பெரிய யானை, பள்ளத்தின் விளிம்பில் தடுமாறுகிறது.

நாம் புலித்தோல் போர்த்திய பசு என்போம், அங்கே சிங்கத்தோல் போர்த்திய கழுதை. இன்று அந்தக் கட்சி யானையைக் கொடியிலும் சட்டையிலும் குத்திக்கொள்கிறது. பிறந்த அன்று அது வதந்திக்குப் பயந்து விழப்போன யானை.

1950 மார்ச் 29 அன்று ஹெர்ப்ளாக் அதே யானையை எடுத்துக்கொண்டார். கட்சித் தலைவர்கள் அதை இழுத்தும் தள்ளியும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தார் வாளிகளின்மேல் ஏறச் சொல்கிறார்கள். உச்சியில் உள்ள வாளியில் எழுதியிருப்பது "மெக்கார்த்தியிசம்", அதாவது செனட்டர் மெக்கார்த்தியைப் போல ஆதாரமில்லாமல் பிறரைக் கம்யூனிஸ்ட் என்று பழிப்பது. நாம் இன்று சாதாரணமாகப் பயன்படுத்தும் அந்தச் சொல் பரவியதில் அந்த வாளிக்கும் பங்கு உண்டு.

20 ஜனவரி

பதவியேற்பு பார்த்தேன். பெசோஸும் ஸக்கர்பர்க்கும் மேடையில், அமைச்சராகப் போகிறவர்களுக்கு முன்வரிசையில். வரைவு நினைவுக்கு வந்தது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

26 ஜனவரி

தேர்தல் இரவில் கார்ட்டூனிஸ்ட் என்ன செய்வார் என்று கேட்ட மாணவிக்கு.

2000 நவம்பர் 7 இரவு நான் விழித்திருந்தேன். மாலையில் ஃபுளோரிடா மாநிலம் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்கு என்றார்கள். பிறகு இல்லை என்றார்கள். நள்ளிரவு தாண்டி புஷ் வென்றார் என்றார்கள், விடியும் முன் அதையும் திரும்பப் பெற்றார்கள். 537 வாக்கு வித்தியாசத்துக்கு டிசம்பர் 12 வரை காத்திருந்தோம். செய்தியாளருக்கு அடுத்த பதிப்பில் தலைப்பை மாற்ற வழி உண்டு. கார்ட்டூனிஸ்ட் முடிவு தெரிவதற்கு முன்பே படத்தைக் கொடுத்தாக வேண்டும். சிலர் இரண்டு படம் வரைந்து வைப்பார்கள். 2008இல் கேரி ட்ரூடோ தன் டூன்ஸ்பரி தொடரில் ஒபாமா வென்றதாகவே வரைந்து முன்கூட்டி அனுப்பினார். சில பத்திரிகைகள் தயங்கின. அவர் கணிப்பு சரியாக இருந்தது.

டெல்னேஸ் கார்ட்டூனுக்கான புலிட்சர் பரிசு பெற்றது 2001இல். அந்தப் பிரிவில் அதைப் பெற்ற இரண்டாவது பெண். ஸ்டாக்ஹோமில் பிறந்தவர், அனிமேஷன் படித்து டிஸ்னியில் வேலை பார்த்தவர். மிக்கி மவுஸை அந்த வரைவில் படுக்க வைத்த கை, டிஸ்னியின் சம்பளம் வாங்கிய கை.

2 பிப்ரவரி

என் பக்கத்துக்கு எதிரான ஒன்றையும் நானே சொல்கிறேன். 2015 டிசம்பரில் டெல்னேஸ், அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட செனட்டர் டெட் குரூஸின் இரண்டு மகள்களைக் குரங்குகளாக வரைந்தார். குரூஸ் பிள்ளைகளைப் பிரசார விளம்பரத்தில் பயன்படுத்தினார் என்பது அவர் வாதம். போஸ்ட் அதை இணையத்திலிருந்து எடுத்தது. பிள்ளைகளை விட்டுவிடுவது எங்கள் வழக்கம், வெளியாகும் முன் நான் பார்க்கத் தவறினேன் என்று அன்றைய ஆசிரியர் ஃபிரெட் ஹையாட் வெளிப்படையாக எழுதினார்.

அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அந்தச் சிறுமிகள் மேடை ஏறவில்லை, ஏற்றப்பட்டார்கள். ஆகவே "கார்ட்டூனை எடுத்தால் அது எப்போதும் கோழைத்தனம்" என்று நான் சொல்லமாட்டேன். யாரைக் காப்பாற்ற எடுத்தார்கள் என்று பார்ப்பேன். ஏழு வயதுப் பெண்ணையா, பத்திரிகையின் உரிமையாளரையா?

17 பிப்ரவரி

நம் ஊருக்கே வந்துவிட்டது. அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கு பூட்டி விமானத்தில் திருப்பி அனுப்பியது. டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்குகளோடு உட்கார்ந்திருப்பதாக விகடன் பிளஸ் படம் வெளியிட்டது. சனிக்கிழமை மாலையிலிருந்து விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு படத்துக்காக நூறாண்டை நெருங்கும் இதழின் முழுத் தளமும் மூடப்படுகிறது. 1987இல் அட்டைப்பட நகைச்சுவைக்காக அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது நினைவிருக்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள்.

28 பிப்ரவரி

போஸ்டின் கருத்துப் பக்கங்கள் இனித் தனிநபர் உரிமைக்கும் தடையற்ற சந்தைக்கும் ஆதரவாக எழுதும், எதிர்க்கருத்து அங்கே வராது என்று பெசோஸ் அறிவித்துவிட்டார். ஷிப்லி பதவி விலகினார். படத்தை மறுத்தவரும் வெளியே. ஜனவரி 8 அன்று அவர்மேல் கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தேன். ஒரு வேளை அவரும் நடுவில் மாட்டிக்கொண்டவரோ என்று இப்போது தோன்றுகிறது. மறுத்தது தவறு என்பதில் மாற்றமில்லை.

முதல் கேள்வி கேட்டவருக்கு இதைத்தான் காட்ட விரும்புகிறேன். 2024 அக்டோபர் 25 அன்று, தேர்தலுக்கு 11 நாள் முன்னால், எந்த வேட்பாளரையும் ஆதரிக்கப்போவதில்லை என்றார்கள். நடுநிலை என்றார்கள். அடுத்து ஒரு வரைவு போனது. அடுத்து பக்கத்தின் பாதியே போனது. கார்ட்டூன் கட்டம் சிறியது, அதனால் முதலில் அது போகிறது.

7 மார்ச்

விகடன் தளத்தைத் திறக்கச் சென்னை உயர் நீதிமன்றம் நேற்று உத்தரவிட்டது. ஆனால் அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

6 மே

ஆன் டெல்னேஸுக்கு நேற்று புலிட்சர் அறிவித்திருக்கிறார்கள், இரண்டாவது முறை. அஞ்சாமல் வரைந்தார், அதனாலேயே 17 ஆண்டு இருந்த நிறுவனத்தை விட்டுப் போக நேர்ந்தது என்பதையும் நடுவர்கள் குறித்திருக்கிறார்கள். மனம் நிறைந்தது.

மகன் அந்த அறிவிப்பை அனுப்பினான். அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் பத்திரிகை: வாஷிங்டன் போஸ்ட்.

பரிசுக்குரிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு பக்கம் கட்டிய நண்பர் ஒருவர் திண்டுக்கல்லில் இருக்கிறார். அவருக்கும் அனுப்பினேன். "அந்த ஊறுகாய் விளம்பரம் நினைவிருக்கிறதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.